கடுகளவு வீக்கம்

கிரேன்காரர் ஏணியில் வழுக்கி விழுந்தது என்னவோ மூன்றே படிதான். நெற்றியில் புடைத்துக்கொண்டதால், துறைமுக நிர்வாகம் புதிதாக வந்திருந்த ஸ்கேன் இயந்திரத்துக்கு அவரை அனுப்பியது. அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மூளைக்குள் ஒரு ரத்தக் குழாயில் கடுகளவு வீக்கம். பழைய இயந்திரமாக இருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. இதோடு நூறு வயது வாழலாம் என்றார் மூளை அறுவை மருத்துவர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. துறைமுகத்தின் மருத்துவ அதிகாரி விதியைக் காட்டினார். மூளைக் குழாயில் வீக்கம் உள்ளவர் உயரத்தில் வேலை செய்யக் கூடாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு நலமாக இருந்தால் மறுபடி ஏறலாம். அந்த விதியை எழுதிய காலத்தில் திராட்சை அளவு இருந்தால்தான் இயந்திரத்துக்கே தெரியும். அதனால் அளவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அதிகாரி பழமொழி வேறு சொன்னார். விதியைத் திருத்த ஒரு குழு உட்கார்ந்திருக்கிறதாம். உட்கார்ந்த குழு எழுந்த பாடில்லை.

சரி, அறுத்தே விடுங்கள் என்று கிரேன்காரர் அறுவை மருத்துவரிடமே போய் நின்றார்.

"இவ்வளவு சின்னதுக்குக் கத்தி வச்சா, கத்திதான் ஆபத்து," என்றார் அவர். "அடுத்த வருஷம் மறுபடி ஸ்கேன் எடுப்போம். வளர்ந்திருந்தா அப்ப அறுத்துடலாம்."

அந்தரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பல் கப்பலாகக் காலி செய்தவர், இப்போது ஜன்னல் இல்லாத கிடங்கு அறையில் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிறார். வாங்க வரும் மற்ற கிரேன்காரர்கள் அவர் தலையை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஸ்கேன் எடுக்காத வரை எல்லார் மண்டையும் நல்ல மண்டைதான் என்று அவருக்கு வயிறு எரியும். அவருடைய கிரேனை வேறு யாரோ ஓட்டும் சத்தம் நாள் முழுக்கக் கூரை வழியே கேட்கும். மூச்சு முட்டும். வெளியே வந்து நின்றாலும் முட்டும்.

வீட்டில் மனைவி அவரை ஒரு வாளித் தண்ணீர் தூக்க விடமாட்டாள். குரல் உயர்த்திப் பேசுவதைக்கூட விட்டுவிட்டாள். மறு ஸ்கேன் நெருங்க நெருங்க, சோறு தண்ணீர் இறங்காமல் பாதியாக இளைத்துப் போனாள். அவரோ அந்த நாளுக்காக முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவர் போன வருடப் படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்த முகமாகத் திரும்பினார்.

"நல்ல சேதி. கொஞ்சங்கூட வளரல."

மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிரேன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையருகே குனிந்தார்.

"நல்லா பாருங்க டாக்டர்," என்றார். "ஒரு நூலாவது வளர்ந்திருக்கும்."

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.