எண்ணி முடிக்காத பெட்டி

ஐந்தாவது நாளும் பெட்டியின் சின்னத் திரை பூஜ்யத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. அதைத் தூக்கி வைகையில் வீசிவிட்டு வரலாமா என்றிருந்தது கருத்தக்கண்ணனுக்கு.

ஹரிஷ்குமாரின் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று இணையத்திலிருந்து பாட்டை இழுத்துப் பாடும் ஸ்ட்ரீமர், விலை பாதிதான். மற்றது மியூசிக் சர்வர். நம்மிடம் உள்ள பாட்டுகளைத் தன் வயிற்றுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் துணையில்லாமல் பாடும். கருத்தக்கண்ணனிடம் இருந்தது எந்த இணையத்திலும் கிடைக்காது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் அவரே மைக்கைப் பிடித்து நின்று பதிவு செய்த நையாண்டி மேளம், ஒன்பதாயிரம் துண்டுகள். பழைய கம்ப்யூட்டர் தை மாதம் படுத்துவிட்டது. பதிவெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும், அதற்குப் பிறகு ஒரு அடி மேளம்கூட அவர் காதில் விழவில்லை.

"ஒரு வாரம் வீட்ல வச்சுப் பாருங்கண்ணே. டிஸ்க்கைச் செருகுனா மொதல்ல எல்லாப் பாட்டையும் எண்ணி வரிசை போட்டுக்கும். பதினாறு மணி நேரம் ஆகும், அப்புறந்தான் பாடும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க, தேனிக்காரர் ஒருத்தர் இதையே கேட்டுக்கிட்டிருக்காரு" என்று சர்வரைக் கொடுத்தனுப்பியிருந்தான் ஹரிஷ்குமார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, டீக்கடையிலிருந்து திரும்பியதும் கருத்தக்கண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்.

"என்னப்பா பெட்டி குடுத்திருக்க? தினமும் மொதல்லேருந்து எண்ணுது!"

"கரண்டு போகுதாண்ணே?"

"முப்பத்தோரு வருசம் மின்வாரியத்துல இருந்தவன்ட்ட கரண்டைப் பத்திக் கேக்குறியா? ஒரு நிமிசம் போகல."

"கோவிச்சுக்காதீங்க. வீட்ல யாராச்சும் சுவிட்சை அமத்துறாங்களா?"

அவர் அடுப்படியைப் பார்த்துத் திரும்பினார். "கனகம், நீ அமத்துனியா?"

"நான் ஏன் அமத்துறேன்?" என்றாள் மனைவி கனகலட்சுமி. "காலையில வாக்கிங் கெளம்பையில ஒருக்கா, சாயங்காலம் டீக்கடைக்குப் போகையில ஒருக்கா, வாசல்ல செருப்பை மாட்டுறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சையும் வரிசையா தட்டிட்டுப் போறது நீங்க. வந்ததும் வரிசையா போடுறதும் நீங்க. அன்னைக்கு பிரிட்ஜை அமத்தி ரெண்டு லிட்டர் பாலைத் திரிய வச்சது மறந்துருச்சா?"

போனுக்குள் ஹரிஷ்குமார் சிரிப்பை அடக்குவது கேட்டது. கருத்தக்கண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். அமத்தியதாக அவருக்கு ஒரு நினைவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வெளியே கிளம்பவில்லை, மறுநாள் காலை வாக்கிங்கும் போகவில்லை. அன்றைக்கு வாடிப்பட்டியில் கனகலட்சுமியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். கிளம்பும்போது சுவிட்சின் மேல் அவள் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள். "பிச்சீங்கன்னா பாருங்க."

பூட்டிய பிறகு கருத்தக்கண்ணன் இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பஸ் சமயநல்லூரை நெருங்கியபோது அவரால் உட்கார முடியவில்லை. பூட்டின வீட்டில் பிளக் உருகிக் கரிந்த சுவர்களை வேலையில் இருந்தபோது எத்தனையோ பார்த்தவர்.

"நீ போ, பின்னாடியே வாரேன்."

"எங்க போறீங்க?"

அதற்குள் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார்.

வீட்டில் ஒன்றும் கரியவில்லை. திரையில் எட்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. கை தானாகப் பிளாஸ்திரிக்குப் போய் அதன் ஒரு முனையைக் கிள்ளியது. அமத்தினால் மறுபடி பூஜ்யம். மத்தியானம் பெட்டி தேனிக்குப் போய்விடும். அமத்தாமல் வாசலைத் தாண்டவும் கால் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

பத்தரைக்கு எண்ணி முடித்தது. அலங்காநல்லூர்த் தவில் கூடத்தை அதிர வைத்தபோது போன் அடித்தது.

"பந்தி போட்டாச்சு. எங்க இருக்கீங்க? என்ன அங்க மேளச் சத்தம்?"

"வீட்ல."

"நீங்க வாரீங்களா, இல்லையா?"

கருத்தக்கண்ணன் சுவிட்சைப் பார்த்தார். அமத்தினால் மேளம் நின்றுவிடும்.

"பெட்டியை வச்சுக்கிறேன்னு ஹரிஷ்ட்ட சொல்லிட்டேன்" என்றார். "எனக்குச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துட்டு வந்துரு."