சேவலை அறுத்த பிறகு வந்த கடிதம்

மலேசியாவில், காஹாங் ஊர் ராஜம்மாவுக்குத் தொலைபேசியில் நம்பிக்கை கிடையாது. லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த மகன் யுகேந்திரன் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "நல்லா இருக்கேம்மா" என்பான். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் அதையேதான் சொல்வான். அதனால் உள்ளதை உள்ளபடி காகிதத்தில் எழுதி, விடுப்பில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாள். எழுத்தில் அவனுக்குப் பொய் வராது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே வீட்டுச் சண்டையைக் கட்டுரையாக எழுதி மானத்தை வாங்கியவன்.

அவன் முழுசாகத் திரும்பி வந்தால் எஸ்டேட் முனீஸ்வரனுக்குச் சேவல் அறுப்பதாக நேர்ந்திருந்தாள். நேர்ந்துவிட்ட திமிரில் அந்தச் சேவல் பக்கத்து வீட்டு வாசுகியின் கீரைப்பாத்தியை நாசம் பண்ணிக்கொண்டிருந்தது. போர் நிறுத்தம் என்று டிவியில் சொன்னதும் வாசுகிதான் முதலில் ஓடி வந்தாள்.

"சண்டை முடிஞ்சிருச்சுக்கா. இனி அவன் வந்த மாதிரிதான். சாமிய ஏன் காக்க வைக்கிறீங்க?"

ராஜம்மா யோசிக்கவில்லை. எட்டு மாதமாக வயிற்றில் கட்டியிருந்த நெருப்பு அணைந்த சந்தோஷம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்துச் சேவலை அறுத்தாள். அது பத்தாது என்று கடைக்கோழியும் வாங்கிச் சமைத்தாள். தாமான் குடியிருப்பில் முப்பது பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம், யுகேந்திரனோடு வேலை செய்யும் மனோகரன் விடுப்பில் வந்து கடிதத்தைக் கொடுத்தார்.

"அம்மா, இங்கே ஒரே கொண்டாட்டம். காருக்கு மேல மெத்தையைக் கட்டிக்கிட்டு சனங்க ஊர் திரும்புறாங்க. எங்க வண்டி மேல அரிசி தூவுறாங்க. ஒரு கிழவி என் தலையைப் பிடிச்சு நெத்தியில முத்தம் குடுத்துச்சு. சந்தோஷத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டாங்க பாரு, சண்டையில பதுங்கினதைவிட அன்னைக்குத்தான் அதிக நேரம் பதுங்கு குழியில கிடந்தோம்.

மறுநாள் அந்தக் கிழவியோட மகன் தன் தோட்டத்துக்குள்ள போனான். வெடிக்காமக் கிடந்த குண்டு வெடிச்சு ஒரு கால் போயிருச்சு. இன்னும் எத்தனை கிடக்குதுன்னு தெரியல. தேடி எடுக்குற வேலைக்குக் காவலா நிக்க, இன்னும் ஆறு மாசம் இருக்க யார் தயார்னு கேட்டாங்க. பேர் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதம்மா. சேவலை இப்ப அறுக்காத."

ராஜம்மா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். முதலில் மகன் மேல் கோபம் வந்தது. பிறகு வாசுகி மேல் வந்தது. கடைசியில் தன் மேலேயே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கிழவியும் தன்னைப் போலத்தானே சண்டை முடிந்தது என்று நம்பியிருப்பாள்.

பதிலில் சேவல் விஷயத்தை எழுத வேண்டாம், அங்கே நிற்கிற பிள்ளைக்கு மனசு கலங்கிவிடும் என்றாள் வாசுகி. சேவல் கொல்லையில்தான் மேய்கிறது என்று ஒரு வரி எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் கேட்டாள்.

"பொய் சொல்றதுக்குத்தான் போன் இருக்கே வாசுகி. இதுல நான் ஒரு பொய் எழுதுனா, நாளைக்கு அவனும் எழுதுவான். அப்புறம் எனக்கு அவனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."



மறுநாள் காலை ராஜம்மா சந்தைக்குப் போய் ஐந்து கோழிக்குஞ்சு வாங்கினாள். எது சேவல், எது பெட்டை என்று விற்பவனுக்கே தெரியவில்லை. ஐந்தில் ஒன்றாவது கூவாமலா போய்விடும் என்று கூடையோடு வீட்டுக்கு வந்தாள். குஞ்சுகளுக்குக் குருணை போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

"யுகேன், சேவலை அறுத்துட்டேன். அவசரப்பட்டது நான்தான். புதுசா குஞ்சு வாங்கிருக்கேன். அது கூவ ஆறு மாசம் ஆகும், உனக்கும் ஆறு மாசம்தான். பேர் குடுத்ததுக்கு நான் கோவிச்சுக்கல. எடுத்த வேலைய முடிச்சிட்டு வா. கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வை. இனிமே டிவிக்காரன் சொன்னாலும் சரி, தாமானே திரண்டு வந்து சொன்னாலும் சரி, நீ நம்ம வாசல்ல ரெண்டு பூட்ஸையும் கழட்டுற வரைக்கும் எனக்கு அந்தச் சண்டை முடியல."