குங்குமம் வைத்த மெயின் சுவிட்ச்

கிழக்கு வெளுக்கும்போதே பெத்தம்மாள் காட்டுக்குள் இறங்கிவிட்டாள். வெயில் ஏறிவிட்டால் செல்போன் திரையில் ஒன்றும் தெரியாது. திருச்சுழிக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம் நின்றபடியே காய்ந்திருந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, வெடிப்பில் செருப்பு மாட்டி மாட்டி இழுத்தது. தோகை அறுத்த கோடுகளில் வியர்வை பட்டு முழங்கை எரிந்தது. ஒரு கதிரை உரித்துப் பார்த்தாள். மணியே இல்லை. வெறும் சக்கை.

"கதிர நெஞ்சுக்கு நேரா பிடிங்கண்ணே. மூஞ்சியும் விழணும், காடும் விழணும்."

காட்டுக்காரர் நாகராஜ் பிடித்தார். முகத்தில் மட்டும் ஏளனம். "பரளச்சியிலயும் இப்படித்தான் பிடிக்கச் சொன்னியாமே. அந்தப் படமெல்லாம் எங்கம்மா?"

பெத்தம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட வந்திருந்த பிரவீணா முந்திக்கொண்டாள். "அண்ணே, பேசுனா படம் ஆடிப்போகும். அப்புறம் உங்க எடத்துல பேய் நிக்கிற மாதிரி விழும், பரவால்லையா?"

நாகராஜ் வாயை மூடிக்கொண்டார். படம் ஏறியது. 'வந்து சேர்ந்தது' என்று பச்சை எழுத்து தெரிந்ததும் போனிலிருந்து படம் தானாக அழிந்தது. வேலைக்காகக் கடையில் கொடுத்த போன் அது. படம் வெளியே யார் கைக்கும் போய்விடக் கூடாதென்று அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பச்சை எழுத்தை நம்பித்தான் பெத்தம்மாள் பரளச்சியில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பாளையம்பட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன், காய்ந்த பயிரைப் படமெடுத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தார். மாடியில் அதற்கான ஆபீஸ், நான்கு பெண்கள். இந்த வருஷம் முதல் ஊர் பெத்தம்மாளின் சொந்த ஊரான பரளச்சி. "படம் ஏறிருச்சு, இனிமே காட்ட அழிச்சுக்கலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முதலில் ஆட்டை உள்ளே விட்டு உழுதவர் வெள்ளத்துரை. "சம்பந்தியம்மாவே சொல்லியாச்சு, அப்புறமென்ன?" என்று சிரித்தார். அவர் மகன் மாரிசெல்வத்துக்குத்தான் பெத்தம்மாளின் மகள் ரோஷினியைப் பேசிப் பூ வைத்திருந்தார்கள்.

பிறகு கம்பெனியிலிருந்து சேதி வந்தது. பரளச்சியிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. உழுத காட்டில் எதைக் காட்டுவது? "எடுக்காமலே எடுத்தேன்னு சொல்லிருக்கா" என்றார் நவநீதகிருஷ்ணன். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பூ வைத்த தட்டு ஒரு நாள் திரும்பி வந்தது. ரோஷினி அழவில்லை. கழுவிய பானையையே எடுத்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். பெத்தம்மாளுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

பஸ் பிடித்து ஆபீஸுக்கு வந்தபோது உச்சிவெயில். மாடிப்படி ஏறும்போதே சத்யபிரியாவின் குரல் கேட்டது. படங்கள் வந்து சேரும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள்.

"சித்தி, ஓடி வாங்க! நீங்க காலையில எடுத்தது எங்க கிடக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"ஏந்தாயி, அது போய்ச் சேரலையா?"

"சேர்ந்துச்சு. அருப்புக்கோட்டை மண்டியில லோடு இறக்குறதப் பாத்திருக்கீங்கல்ல? அன்னைக்கு எந்த எடம் காலியோ அங்க இறக்குவாக. மறுநா வேற எடம். இந்த அப்ளிகேஷனும் அப்படித்தான். வந்த படத்த முதல்ல ஒரு தற்காலிக ஃபோல்டர்ல இறக்கி வைக்கும். அங்கருந்து எடுத்து கம்பெனிக்கு அனுப்பணும். ஆனா இத எழுதுன புண்ணியவான், பழைய மெஷின்ல அது எங்க இருந்துச்சோ அந்த எடத்தையே கையால எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. மெஷின் மாறிருச்சு, எடமும் மாறிருச்சு. எடுக்குற வேலை மட்டும் இன்னும் பழைய எடத்துலயே போய் நின்னுக்கிட்டு, ஒண்ணுமில்லன்னு திரும்புது."

"அப்ப எங்க இறக்குச்சுன்னு யார்கிட்ட கேக்குறது?"

"அதுகிட்டயேதான். ஓடிக்கிட்டிருக்கப்பவே கேக்கணும். நிறுத்தாம ஒரு சின்னப் பக்கம் எழுதி உள்ள போட்டேன். உன் தற்காலிக ஃபோல்டர் எங்கன்னு கேட்டேன். சொல்லிருச்சு."

திரையில் நீளமாக ஒரு வரி இருந்தது. நடுவில் அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும். சத்யபிரியா அந்த இடத்தைத் திறந்தாள். நெஞ்சுக்கு நேரே கதிரைப் பிடித்தபடி நாகராஜ் நின்றார்.

"இந்தா! நான் எடுத்தது!" பெத்தம்மாள் திரையைத் தொட்டேவிட்டாள். "பரளச்சியக் காட்டு தாயி. வெள்ளத்துரை ஐயாவக் காட்டு."

சத்யபிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எடம் மெஷின் ஓடுற வரைக்கும்தான் சித்தி. நின்னா அழிஞ்சிரும். மறுபடி ஓடுறப்போ புதுசா ஒரு எடம் எடுத்துக்கும்."

"மெஷின யாரு நிறுத்துறா?"

சத்யபிரியா திரும்பினாள். சுவரைப் பார்த்தாள். அங்கே மெயின் சுவிட்ச். மேலே சந்தனம், குங்குமம், வாடிய செவ்வந்திச் சரம். பக்கத்துக் கடை ஒன்று கரண்டுக் கோளாறில் எரிந்துபோன காலத்திலிருந்து, கடை அடைக்கும்போது சூடம் காட்டி மெயினை இறக்கிவிட்டுப் போவது நவநீதகிருஷ்ணன் குடும்பத்து வழக்கம். போன வருஷம் வரை இணையதளம் சென்னையில் இரவும் பகலும் நிற்காத வாடகை மெஷினில் ஓடியது. வாடகையை மிச்சம்பிடிக்க இந்த வருஷம்தான் மாடியிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்து இங்கே கொண்டுவந்திருந்தார்.

பெத்தம்மாளுக்கு மெல்லப் புரிந்தது. பரளச்சிப் படங்கள் ஏறிய அன்று மாலை அவளும் இங்கேதான் நின்றாள். சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்லபடியா முடிஞ்சது சாமி என்று வேண்டிக்கொண்டாள். நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சியின் கை மெயினை இறக்கியபோது கைகூப்பி நின்றாள். ஊர்க்காட்டு முகங்களெல்லாம் அந்த நொடியில்தான் அழிந்திருக்கின்றன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடை அடைக்கும் நேரம். நவநீதகிருஷ்ணன் சூடத்தட்டோடு மேலே வந்தார். சத்யபிரியா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். இன்னும் தரையிலேயே இருந்த பெத்தம்மாளைப் பார்க்கவில்லை.

"சரிம்மா, நாளைக்குச் சரிபண்ணிரு. நகர்ந்துக்க, மெயின இறக்கணும்."

"வேண்டாம் அண்ணாச்சி. கம்பெனிக்காரர வரச் சொல்லிருக்கேன். காலையில வந்து இத ஓடுற நிலையில பாக்கணும். படம் வந்துச்சு, நம்ம மெஷின்லதான் நின்னுச்சு, பரளச்சிப் படமும் இப்படித்தான் போச்சுன்னு."

"நகல் எடுத்து வச்சுக்க."

"எடுத்தாச்சு. நாகராஜ் அண்ணனுக்கு அது போதும். பரளச்சிக்கு? நகல நீயே செஞ்சு வச்சன்னுதான் சொல்வாக."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பு என்னுதுன்னு சொன்னா ஒப்பந்தம் போயிரும். உங்க எல்லார் பொழப்பும் சேந்துதான் போகும். பெத்தம்மா மேலயே இருக்கட்டும், ஒருத்தியோட போச்சு."

எப்போதும் வாயே திறக்காத சரஸ்வதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மெயினுக்குக் கீழே போய் நின்றாள். "இன்னைக்கு அந்த ஒருத்தி பெத்தம்மாக்கா. அடுத்தது யாரு அண்ணாச்சி? நானா, இவளா?"

"தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

"நாங்க உக்காந்து பாத்துக்கிறோம்" என்று பிரவீணாவும் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளையிலருந்து ஒருத்தியும் வேலைக்கு வரவேண்டாம்!"

"நாளைக்கு வரணும்னா இன்னைக்குப் போகணும்ல? நாங்க போகவே இல்லையே" என்றாள் பிரவீணா.

சூடம் அவர் கையிலேயே எரிந்து அணைந்தது. "மீட்டர் பெட்டி கீழதான இருக்கு" என்றபடி விறுவிறுவென்று படியிறங்கினார். பெத்தம்மாள் எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

கீழே படியடியில் பரளச்சி ஆட்கள் நின்றார்கள். மத்தியானமே அவள்தான் போன் பண்ணியிருந்தாள். எடுத்தது வெள்ளத்துரை. கேட்டதும் போனை வைத்துவிட்டார். வருவார் என்று அவள் நினைக்கவில்லை. தோளில் துண்டோடு, மீட்டர் பெட்டிக்கு நேரே நின்றிருந்தார்.

"ஐயா" என்றாள். சம்பந்தி என்று கூப்பிட நா எழவில்லை. "உங்க காட்டுப் படம் இனிமே வராது. நான் எடுத்தேன். இங்க வந்துச்சு. இங்கயே அழிஞ்சு போச்சு. அழியுறப்போ நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேன் ஐயா. காட்ட அழிங்கன்னு சொன்னதும் நாந்தான்."

வெள்ளத்துரையின் தாடை அசைந்தது. உழுத மண் இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கையை விரித்துப் பார்த்தார். நவநீதகிருஷ்ணன் படியின் நடுவில் வெறுந்தட்டோடு நின்றார். மேலே பெண்கள், கீழே ஆட்கள்.

"அண்ணாச்சி" என்றார் வெள்ளத்துரை. "எங்க காட்ட யாரு அழிச்சதுன்னு உங்க வாயால கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லணும். சொல்ற வரைக்கும் இந்தப் பெட்டிய யாரும் தொட வேண்டாம்."

"சொன்னா மட்டும் காடு வந்துருமாக்கும்?"

"வராது" என்றார். துண்டை உதறி, பெட்டிக்குக் கீழே கடைசிப் படியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சம்பந்தியம்மா, நீங்க மேல போங்க. வாசல நாங்க பாத்துக்கிறோம்."

பெத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியேறினாள். போன காடு போனதுதான். நாளைக்குக் கம்பெனிக்காரர் வருவாரா, வந்தாலும் ஒத்துக்கொள்வாரா, யாருக்கும் தெரியாது. மாடியில் சரஸ்வதியும் பிரவீணாவும் மெயினுக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மெஷினின் காத்தாடி மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"கேட்டுப் பாரு தாயி" என்றாள்.

சத்யபிரியா அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அதே நீளமான வரி வந்தது.

"அங்கயேதான் இருக்கு சித்தி."

பெத்தம்மாள் அவர்கள் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தாள்.