ஆறு வாரம் முந்தைய முகம்

போன் அடித்ததும் வான்மதி ரிமோட்டில் பாஸை அழுத்தினாள். திரையில் அவள் தம்பி மகிழன் பாதி வசனத்தில் வாய் திறந்தபடி நின்றான். அவன் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கின.

யாமினி பால் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கார்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. "அம்மா, மாமா ஸ்டக்!" என்று சிரித்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் அந்தத் தெரு முழுக்கப் புல் வெட்டும் சத்தம். சொந்த ஊர் கோபியில் இப்போது இரவு ஏழரை ஆகியிருக்கும்.

"அம்முணி, நான் சந்தானம் மாமா பேசறேன்."

அப்பாவுக்கு எதிர்வீட்டுக்காரர். அவள் அமெரிக்கா வந்த இந்த ஆறு வருடத்தில் அவர் ஒருமுறைகூட போன் செய்ததில்லை.

"சொல்லுங்க மாமா."

"மாப்ள இருக்காரா? அவருகிட்டக் குடு கண்ணு."

கணவன் சேனாபதி பின்பக்கம் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவு வழியே அவன் முதுகு தெரிந்தது. வான்மதி அவனைக் கூப்பிடவில்லை.

"எங்கிட்டயே சொல்லுங்க. அப்பாவுக்கா?"

"அப்பா இருக்காரு, இங்கதான் இருக்காரு." லைன் கரகரத்தது. "நம்ம மகிழன்தான் கண்ணு."

விடிய விடிய ஷூட்டிங் நடந்திருக்கிறது. முடித்துவிட்டு பைக்கில் ரூமுக்குப் போகும்போது வடபழனியில் தண்ணீர் லாரி திரும்பியிருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உயிர் இருந்ததாம். போஸ்ட்மார்ட்டம் முடிந்துவிட்டது. கூட நடிக்கும் பையன்கள் ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள், விடிகாலையில் ஊர் வந்துவிடும் என்றார்.

"சாப்பிட்டிருந்தானாங்க மாமா?"

எதற்கு அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தானம் மாமா அழ ஆரம்பித்தார்.

"சரிங்க மாமா. வெச்சிடறனுங்க" என்றாள், ஏதோ கல்யாணத் தேதியைக் கேட்டுக்கொண்டவள் போல.

அதற்குள் விசிஆர் தானாகவே நின்று டிவி சேனல் வந்துவிட்டது. திரையில் கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் டெக்சாஸ் வரைபடத்தில் கை வைத்து மழை எங்கே வரும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, டிவி ப்ரோக்" என்றாள் யாமினி.

வான்மதி மகளின் கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலை சிங்க்கில் ஊற்றினாள். கிண்ணத்தைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். பிறகுதான் பின்கதவைத் திறந்து புல்லுக்குள் இறங்கிப் போய் மெஷினின் பிடியிலிருந்து சேனாபதியின் கையை எடுத்தாள். சத்தம் நின்றது.

"மகிழன் செத்துட்டானாமுங்க."

அந்த வார்த்தை அவ்வளவு அப்பட்டமாக வெளியே வந்ததில் அவளே திடுக்கிட்டாள்.

மகிழன் நடிப்பில் நிலைத்ததே அவளால்தான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தவன் பரீட்சை எழுதாமல் சென்னைக்கு ரயில் ஏறினான். இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார் அப்பா வெள்ளியங்கிரி. வான்மதிதான் இங்கிருந்து நான்கு பக்கம் எழுதி அவரை மசிய வைத்தாள். முதல் படத்தில் அவனுக்குப் பிணம் வேஷம். நாள் முழுக்க மூக்கில் பஞ்சோடு கிடந்துவிட்டு, "அக்கா, ஈ மூஞ்சில நடக்குது, நான் அசையவே இல்ல. டைரக்டரே கை தட்டினாரு" என்று போனில் சிரித்தான். அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு இரண்டு படங்களில் கதாநாயகனின் நண்பனாக வந்தான். அதில் ஒன்று வெளிவரவில்லை. ஒரு பனியன் விளம்பரத்தில் தலை காட்டினான். போன வருடம்தான் இந்த டிவி தொடர் கிடைத்தது. சென்னையில் ஒளிபரப்பாகி ஆறு வாரம் கழித்து ஆஸ்டின் மளிகைக் கடைக்குக் கேசட் வரும். தொடர் வந்தபிறகு கோபி பஸ்ஸில் அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். அப்பா ஏழரை மணிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டு டிவி முன் உட்கார ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு வீட்டுக்கு லைன் கிடைத்தது. எடுத்தது அம்மா.

"நீதானடி அனுப்பி வெச்சே! படிச்சிருந்தா உன்னாட்ட அவனும் பொழச்சுக் கெடந்திருப்பான். நீதானடி காயிதம் எழுதுனே!"

யாரோ போனைப் பிடுங்கினார்கள். அப்பாவின் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அவ பேசறத மனசுல வெச்சுக்காத கண்ணு. ஈரோட்டுல ஐஸ் பெட்டி சொல்லியிருக்குது. செவ்வாக்கெழம வரைக்கும் வெச்சுக்கலாங்கறாங்க. நீ வர்றயா?"

"ஒரு மணி நேரத்துல கூப்பிடறனுங்கப்பா."

சேனாபதி தன் ஆஃபீஸ் நண்பர் பாலசுப்ரமணியனைக் கூப்பிட்டான். போன வருடம்தான் அவருக்கு கிரீன் கார்டு வந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒரு உறையின் பின்புறம் எழுதினான். போனை வைத்துவிட்டு அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளிநாடு போய்த் திரும்பி வர அனுமதி குடுக்கற நம்ம பரோல் லெட்டர் இன்னும் வரல இல்லயா. அது இல்லாம நீ வெளிய போனா உன் கிரீன் கார்டு அப்ளிகேஷன் அதோட போச்சு. திரும்பி உள்ள விடுவாங்களான்னும் சொல்ல முடியாதாம். திங்கக்கெழம சான் அன்டோனியோ இமிக்ரேஷன் ஆஃபீஸுக்கு டிரைவ் பண்ணிப் போனா, எமர்ஜென்சின்னு கேட்டு வாங்கலாம்கறார்."

"திங்கக்கெழம வாங்கி நான் எப்பப் போய்ச் சேர்றது?"

"புதன் சாயந்தரம்."

சேனாபதி உறையை இரண்டாக மடித்தான். பிறகு அவன், "நீ இன்னைக்கே கெளம்பு மதி. கார்டு போனாப் போகட்டும்" என்றான். மனதாரத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் கண் யாமினியிடம் போய்விட்டு வந்தது. அவள் சோபாவுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வர எத்தன மாசம் ஆகும்?"

"தெரியல. வருஷம்கூட ஆகலாம்."

வான்மதி படுக்கையறைக்குப் போய் ஃபைலிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். பதினொரு மணிக்கு அவளே நம்பரை அழுத்தினாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"எனக்காக வெச்சிருக்காதீங்க. நாளைக்கே எடுத்துருங்கப்பா."

அதை அப்பாவுக்காகச் சொன்னாளா, மகளுக்காகவா, அந்தப் பெட்டிக்குள் அவனைப் பார்க்கத் தைரியமில்லாமலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை. யாரோ அம்மாவை உள்ளே கூட்டிப் போகச் சொன்னார்கள். அப்பா மூச்சு விடுவது கேட்டது.

"செரி கண்ணு" என்றார். பிறகு, "அங்க பத்தரமா இருங்க" என்று சொல்லி வைத்தார்.

சேனாபதி கதவோரம் நின்றான். "தலைக்குத் தண்ணி ஊத்திக்க மதி" என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் போட்டிருந்த துணியோடு டப்புக்குள் இறங்கி ஷவரைத் திறந்தாள். தண்ணீர் சூடாக வந்தது. பிறகு ஆறியது. வெந்நீர் முழுக்கத் தீர்ந்து உடம்பு வெடவெடக்க ஆரம்பித்த பிறகும் அப்படியே நின்றிருந்தாள்.

வெளியே வந்தபோது சுடிதாரிலிருந்து கார்பெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. ஹாலில் யாமினி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, டிட் யூ கோ ஸ்விம்மிங்?"

"ஆமாங்கண்ணு."

"வித் யுவர் க்ளோத்ஸ் ஆன்?"

வான்மதி தலையசைத்தாள். குழந்தை கிட்டே வந்து, அம்மாவின் துப்பட்டா நுனியை இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு முறுக்கிப் பிழிய ஆரம்பித்தாள்.