பதில் வராவிட்டால் நலம்

"கரண்ட் இல்ல தம்பி. நேத்து கதவ உடைச்சப்பவே இல்ல. ஜன்னலெல்லாம் சாத்திக் கெடந்துச்சு. செல்போன் வெளிச்சத்துலதான் அப்பாவத் தூக்கினோம்" என்றார் நேர் கீழ்வீட்டு டெய்லர்.

அவன் பையைத் தோளில் மாட்டியபடியே வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது. இந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் கரண்டுக்கு என்ன கோபம்? கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான். மெயின் இறக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சணலில் கட்டிய அட்டை ஒன்று தொங்கியது. 'ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.'

அப்பாவின் கையெழுத்து. நாற்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதாக இருந்தாலும் மெயினை இறக்கி, அட்டையை மாட்டிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார். அம்மா போன பிறகு, வீட்டில் ஈ காக்கை கூட இல்லாத நாளிலும் மாட்டினார். யார் வந்து தொடப் போகிறார்கள் என்று கேட்டால், "பழக்கம்டா. பழக்கம் போச்சுன்னா கை போயிரும்" என்பார்.

அட்டையைக் கழற்றிவிட்டு மெயினை மேலே தள்ளினான். ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கூடத்தின் நடுவில் ஸ்டூல் இன்னும் சாய்ந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே, பல்பு ஹோல்டர் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் கழித்து அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

'அப்பா: ஆபத்து. கெட்டில் நான்கு நாளாக ஓடவில்லை. கடைசியாக ஓடியது செவ்வாய் காலை 5.40.'

இரண்டு முறை படித்தான். அந்த வாசகத்தை எழுதி வைத்தவனே அவன்தான். மூன்றாவது முறை படிக்கத் தைரியம் வரவில்லை. விரலால் தள்ளிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடல் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவன் வேலை பார்க்கும் ஊர் அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம். அலுவலகத்தில் அவனுக்கு 'ஒட்டு' என்று பெயர். அறுநூறு சொச்சம் மெஷின்களை உட்கார்ந்த இடத்திலிருந்து கண்காணிக்கிற வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மெஷினையும் 'நன்றாக இருக்கிறாயா' என்று கேட்டு, வந்த பதிலைச் சுவரில் உள்ள பெரிய திரையில் வண்ணத்தில் காட்டுகிற ஒரு ஏற்பாடு. விலைக்கு வாங்கிய அந்த ஏற்பாட்டுக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் கொஞ்சம்தான். அறை சூடாகிவிட்டதா, பேட்டரி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் கேட்க இவன்தான் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி அதோடு ஒட்டினான். ஒட்டி ஒட்டியே பெயர் வாங்கினான்.

ஒவ்வொரு ஒட்டும் நான்கு பதில்களில் ஒன்றைத்தான் சொல்லலாம். நலம், எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் நடத்துகிற முதல் பாடமே இதுதான். "கேட்டதுக்குப் பதில் வரலன்னா, தெரியலன்னு சொல்லு. நீயா ஒண்ண நெனச்சுக்கிட்டு நலம்னு சொல்லாத. இந்தத் தொழில்ல அதவிடப் பெரிய பொய் கெடையாது." நன்றாகத்தான் பாடம் நடத்துவான்.

அம்மா இறந்த வருடம், அப்பாவின் கெட்டிலுக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி மாட்டினான். கெட்டில் ஓடினால் பிளக் சொல்லும். அதைக் கேட்பதற்கென்று ஒரு ஒட்டு எழுதி, அறுநூறு மெஷின்களுக்கு நடுவே சுவரில் 'அப்பா' என்று ஒரு வரியைச் சேர்த்தான். அப்பா விடிகாலையில் டீ போடாமல் இருக்க மாட்டார். ஒன்பது மணிக்குள் கெட்டில் ஓடிவிட்டால் பச்சை. ஓடவில்லை என்றால் சிவப்பு, அவன் போனுக்கும் செய்தி.

இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கும் அக்கா அதுவரை தினமும் காலையில் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவாள். "நீ எதுக்குக்கா தெனம் அலையுற? நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்றான். அவள் நம்பினாள். நம்பித்தான் மருந்துக் கடையில் காலை ஷிப்டுக்குச் சேர்ந்தாள். அவனும் தினம் போன் பண்ணுவதை வாரம் ஒரு தடவையாக்கி, பிறகு அதையும் மறந்தான். பச்சையைப் பார்த்தால் அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்பாவைப் பார்ப்பதைவிடச் சுலபமாகவும் இருந்தது.

ஆனால் பிளக் அவ்வப்போது சுணங்கும். பதில் வராது. சுவரில் 'தெரியவில்லை' என்று ஆரஞ்சு எரியும். அவன் பதறிப் போன் பண்ணுவான். "துண்டோட நிக்கிறேன்டா. உசுரோடதான் இருக்கேன். வை போன" என்று அப்பா கத்துவார். மேனேஜர் வேறு, "கஸ்டமர் வர்ற நேரத்துல சுவத்துல எதுக்குய்யா ஆரஞ்சு?" என்று முகம் சுளித்தார். மூன்றாவது முறை ஆரஞ்சு எரிந்த அன்று, ஒட்டில் ஒரு வரியைச் சேர்த்தான். பதில் வராவிட்டால் நலம் என்று வைத்துக்கொள். பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று குறிப்பும் எழுதினான். அது நடந்து ஒன்பது மாதம்.

அப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். டெய்லர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். தைத்த பேண்ட்டைக் கொடுக்கப் போய் நேற்று கதவைத் தட்டியது அவர்தான். "என் தலைக்கு மேலதான் கெடந்திருக்காரு. தட்டினாரோ, கூப்பிட்டாரோ. மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அக்கா அழவில்லை. அவனைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா?"

"இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்குன்னு..."

"விழுந்த உடனே போகலையாம்டா. ஒரு நாள், ஒன்றரை நாள் உசுரோட கெடந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி இல்லாம." பிடித்த கையை அவள் விடவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எந்த நாள் விழுந்தாரு?"

அவன் சிங்க்கைப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளர்.

"புதன்கிழமை காலைல உனக்குப் போன் பண்ணேன்ல? அப்பா போன் எடுக்க மாட்டேங்கறாரு, கடைக்கு லீவு சொல்லிட்டுப் போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டேன். நீதான் பாத்துட்டு, பச்சையா இருக்குக்கா, டீ போட்டுட்டாரு, சார்ஜ் போட மறந்திருப்பாருன்னு சொன்ன. அன்னிக்கு டீ போட்டாருதானே?"

எனக்குத் தெரியாதுக்கா என்று சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டார், நீ போன் பண்ணியபோது தரையில் உயிரோடு இருந்திருப்பார், நான்தான் உன்னைப் போகவிடாமல் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். கெட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது.

"பச்சையாத்தான்கா இருந்துச்சு" என்றான்.

அது பொய்யில்லை. அதுதான் கேவலம்.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "அப்ப புதன் காலைல நல்லாதான் இருந்திருக்காரு. அதுக்கப்புறம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு எட்டு போவோம்னு கெளம்பினேன்டா. கால் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன். நாந்தான்டா விட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் நெனைக்காதக்கா" என்று அவள் தோளில் கை வைத்தான். கை கொஞ்சமும் கூசவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கூடத்தில் அப்பாவின் தங்கை, அவர்களுடைய அத்தை, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசுவது அத்தைக்குக் கைவந்த கலை. "ரெண்டு ஸ்டாப்புல வீடு. பெத்த பொண்ணு. நாலு நாளா எட்டிப் பாக்க நேரமில்ல. கடை பெருசா, அப்பன் பெருசா?"

அக்கா அப்பாவின் காலருகே போய் உட்கார்ந்தாள்.

அவனோடு வேலை பார்க்கிற 'டவர்' சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அந்தப் பெயர். விடியுமுன்னே கிளம்பி, ஐந்து மணி நேரம் காரோட்டி அவனை அழைத்துவந்தவன். தங்கமான மனசு, வாய்தான் சும்மா இருக்காது. இறுக்கத்தைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னான். "கவனிக்காம எல்லாம் இல்லம்மா. அண்ணன் எங்க ஆபீஸ் சுவத்துலயே அப்பாவ வச்சிருந்தாரு. அறுநூறு மெஷினுக்கு நடுவுல அப்பாவுக்குன்னு ஒரு வரி. எந்தப் புள்ள இவ்வளவு செய்யும் சொல்லுங்க?"

"புள்ளன்னா அது" என்றாள் அத்தை. "அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு அவன் பாத்திருக்கான். பக்கத்துல இருக்கறவளுக்குத்தான் கண்ணு தெரியல."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பாராட்டுகிற பார்வை. அவன் டெய்லர் பக்கம் திரும்பி, "வண்டி எத்தன மணிக்குன்னு சொன்னாங்கண்ணே?" என்று கேட்டான்.

"பதினொண்ணு தம்பி."

அக்கா டவரைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்த வரிய நான் பாக்க முடியுமா?"

டவருக்கு வாயெல்லாம் பல். போனில் அதைத் திறந்து, அவளருகே குந்தி உட்கார்ந்து காட்டினான். ஒட்டு எழுந்து அவர்களை நோக்கி நடந்தான். அதற்குள் யாரோ ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா பழுது பார்த்த லிப்டுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கையை உருவ முடியவில்லை.

அக்கா தாழ்ந்த குரலில் படிப்பது கேட்டது. "புதன் ஒன்பது மணி, நலம். வியாழன் ஒன்பது மணி, நலம்." விரல் திரையில் நகர்ந்துகொண்டே போனது. நின்றது. "வெள்ளி மத்தியானம் ரெண்டு மணி. நலம்."

"எவ்வளவு கரெக்டா இருக்கு பாத்தீங்களாக்கா?"

"ரெண்டு மணிக்கு அப்பா தலைய மடியில வச்சிக்கிட்டு நான் இங்கதான் உக்காந்திருந்தேன். வெறைச்சுப் போயிருந்தாரு. இதுல நலம்னு போட்டிருக்கே தம்பி."

டவர் போனை வாங்கிக் குனிந்து எதையெதையோ அழுத்தினான். அவனும் அதே தொழில்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"பிளக்குலேர்ந்து பதிலே வரலக்கா. வரலன்னா... நலம்னு வச்சிக்கன்னு யாரோ எழுதியிருக்காங்க."

"எப்பலேர்ந்து வரல?"

டவர் தலை நிமிரவில்லை. "செவ்வாய்க்கிழமை காலைல. ஏழே காலுக்கு அப்புறம் வரல."

அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கி, படுத்திருந்த அப்பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியைப் பார்த்தாள். பெரியவர் எப்போதோ அவன் கையை விட்டிருந்தார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தித் தொலைக்க மாட்டாளா என்று ஏங்கினான். கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும், தான் சொல்ல வேண்டியிருக்காது.

"ஒரு நாளாவது போய்த் தொலைச்சிருக்கலாம்லடி?" அத்தை மறுபடி ஆரம்பித்தாள்.

அக்கா அவனையே பார்த்தபடி காத்திருந்தாள். அவளுக்காக அவன் ஒரு வாக்கியம் சொல்வதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். அதற்கு மேலேயும் கொடுத்தாள். அவன் குனிந்து, அப்பாவின் கால்மேல் சரியாகவே கிடந்த போர்வையை இழுத்துவிட்டான்.

"போயிருக்கலாம் அத்தை" என்றாள் அக்கா.

வண்டி வந்தது. லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்று டிரைவர் சொன்னார். ஐந்து மாடியும் படியில்தான் இறக்க வேண்டும். நான்கு பேர் வேண்டும்.

"தலைமாட்டுல புள்ள புடிக்கட்டும்" என்றார் டெய்லர்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அக்கா அதற்கு முன்பே அங்கே குனிந்திருந்தாள். இரும்புப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "அண்ணே, இந்தப் பக்கம் நீங்க வாங்க" என்றாள் டெய்லரிடம். கால்மாட்டுக்கு டவரையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டாள்.

"ஏண்டி, அவன் இருக்கானே. நீ எதுக்கு?" என்றாள் அத்தை.

"அவன் வேணாம் அத்தை. தூரத்துலேர்ந்து வந்தவன். களைச்சிருப்பான்."

தூக்கினார்கள். கதவைத் தாண்டும்போது அத்தை அழுதுகொண்டே தன் கைப்பையை அவனிடம் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். படி குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவின் குரல் கேட்டது. "மெதுவா. எடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க. சுவத்துல இடிச்சிரப் போவுது."

மூன்றாவது மாடியில் பாரம் தாங்காமல் அவள் பிடி நழுவப் பார்த்தது. அவன் ஒரு கையை நீட்டினான்.

"பாத்து" என்று முன்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அக்கா அடுத்த படியில் கால் வைத்தாள்.