ஜும்மா நேரத்து நான்கு படங்கள்

கை உடைந்தால் டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார். இரும்புக் குழாயைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். டாக்டரின் கருவி ஸ்விட்சை அணைத்தால் அணைந்துவிடும். என்னுடையது அணையாது. அது மிளகு அளவு இரிடியம், ஓயாமல் கதிர்வீச்சு விடும் உலோகம். கனத்த பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தாலும் இரவு பகலாக விழித்தே இருக்கும். நீண்ட கம்பியின் நுனியில் வைத்து அதைக் குழாய் வரைக்கும் தள்ளுவேன். குழாயின் மறுபுறம் ஃபிலிம் கட்டியிருக்கும். நான்கு நிமிடம் கழித்துத் திரும்ப இழுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவேன். அந்த நான்கு நிமிடமும் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் அவனுக்கு வலிக்காது, சுடாது, ஒன்றுமே தெரியாது, ஆனால் கதிர் உள்ளே ரத்தத்தைக் கெடுத்துவிடும். பதினொரு வருடமாக வாலாஜாபேட்டையிலிருந்து ஊர் ஊராகப் போய் இதைச் செய்கிறேன். இன்றைக்கும் அந்த மிளகிடம் எனக்குப் பயம்தான். மனிதர்களிடம் பயமில்லை, எரிச்சல் மட்டும் உண்டு.

போன மாசியில் ஆம்பூர் தாண்டி தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை வந்தது. புது பாய்லரின் நீராவிக் குழாய், டிரம் ஷெட்டுக்குள்ளே ஒரே ஒரு மூட்டு. அதைச் சுற்றி நான்கு படம் எடுக்க வேண்டும். அங்கே ராத்திரி ஷிப்டும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக ஒன்றேகால் மணி நேரம்தான் எல்லா டிரம்மும் நிற்கும். தொழப் போகாதவர்களும் அந்த நேரத்தில் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

“அந்த டைம்ல ஷெட்ல காக்கா குருவி கூட இருக்காது, நீங்க தாராளமா எடுங்க” என்றார் மேனேஜர் சமீருல்லா. சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

டிரம் என்றால் வீட்டு அளவுக்கு உயரமான மரப் பீப்பாய். படுக்கை வசத்தில் சுற்றும், உள்ளே தோல் புரளும். பன்னிரண்டு டிரம்மும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபோது ஷெட்டின் சத்தம் முழுக்க வடிந்துவிட்டது. பலகைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. என்னோடு வேலை செய்கிற ஜோலார்பேட்டை அந்தோணி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். நான் அவனை முறைத்தேன்.

உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பதுதான் முறை. வாட்ச்மேன் ஆபித் பாஷா என்னை வாசலிலேயே நிறுத்திச் சுவரோரம் கைகாட்டினார். ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. அந்த ஷெட்டில் பூட்ஸ் இல்லாமல் யாரும் கால் வைக்க மாட்டார்கள், தரையெல்லாம் ரசாயனத் தண்ணீர். வெளியே போகிறவர்கள் கழற்றி அங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

“ஷெட்ல முப்பத்தெட்டு பேரு சார். முப்பத்தெட்டு ஜோடி இங்க நிக்குது, எண்ணிக்கங்க. நெருப்பு பிடிச்சப்பகூட நாங்க இப்படித்தான் ஆள் எண்ணினோம்.”

எண்ணினேன். முப்பத்தெட்டு. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்களுக்கு நடுவே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து விசில் ஊதி, முதல் படத்தை எடுத்தோம். மூட்டு ஏழாம் டிரம்மை ஒட்டி இருந்தது. குழாய்க்கும் பலகைக்கும் நடுவே என் உள்ளங்கைதான் நுழையும்.

மிளகைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, ஃபிலிம் மாற்ற இருவரும் உள்ளே போனோம். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரத்தை மெதுவாகச் சுரண்டும் சத்தம். நிற்கும், மறுபடி சுரண்டும். ஏழாம் டிரம்முக்குள்ளிருந்து வந்தது.

அந்தோணியின் முகத்தில் ரத்தமே இல்லை. “வாட்ச்மேன் சொன்னாருண்ணா. எட்டு வருஷம் முன்னாடி உள்ள ஆள் இருக்கறது தெரியாம யாரோ இந்த டிரம்மோட ஸ்விட்சப் போட்டுட்டாங்களாம். வெள்ளிக்கிழமை டிரம்மு நின்னா சத்தம் வருமாம். கண்டுக்காதீங்கன்னாரு.”

“ஈர மரம் காயுதுடா. கட்டையெல்லாம் இறுகும்போது சத்தம் வரும்” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து மூன்று தட்டு. டக், டக், டக். மரம் காய்வது அப்படி எண்ணித் தட்டாது என்று எனக்குத் தெரியும். நானும் பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தோணி என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் பயந்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஆள் பயந்தால் கிண்டல் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது. விரலை மடக்கிப் பலகையில் நானும் மூன்று முறை தட்டினேன்.

“யோவ், அசையாம உக்காரு. விசில் அடிப்போம், நீ வராத. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்” என்று சத்தமாகச் சொன்னேன்.

சுரண்டல் சட்டென்று நின்றது. உள்ளே ஏதோ ஈரத்தில் நகர்ந்து எங்கள் பக்கமாக வந்த மாதிரி இருந்தது. பிறகு பலகையில் பாரம் சாய்கிற சின்ன முனகல். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

“பாத்தியா, பேய்கூட என் பேச்சக் கேக்குது” என்று சிரித்தேன். அந்தோணியும் வேறு வழியில்லாமல் சிரித்தான். பேய் உண்டு என்று நம்பிய அவனும் எட்டிப் பார்க்கவில்லை, நம்பாத நானும் எட்டிப் பார்க்கவில்லை. டிரம்மின் கதவு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து இருந்தது. சுற்றிப் போய்ப் பார்க்க பத்து அடி நடந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படம். மூன்றாம் படம். நான்காம் படம். ஒவ்வொன்றுக்கும் விசில், நான்கு நிமிடம், பிறகு நிசப்தம்.

இரண்டு மணிக்கு ஆட்கள் திரும்பினார்கள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவரவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக உள்ளே போனார்கள். வரிசை கரைந்து கரைந்து கடைசியில் ஒரு ஜோடி மட்டும் சுவரோரம் நின்றது. ஆபித் பாஷா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது டிரம் சுரண்டற காசியோடது ஆச்சே” என்றார்.

நான் ஓடினேன். ஏழாம் டிரம்மைச் சுற்றிப் போய்க் கதவு வழியாகத் தலையை நீட்டினேன். இருட்டில் ஒரு ஆள், குழாய் போகிற அதே இடத்தில், பலகையில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்து நெடிக்காக மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். கால்கள் வெறுமையாக இருந்தன.

துணியை இறக்கிவிட்டு, “முடிஞ்சுதா சார்? வரலாமா?” என்றான்.

வெள்ளைத் தோல் போடுகிற டிரம் என்பதால் பூட்ஸோடு இறங்கினால் கறை படியும், எனவே கழற்றி வரிசையில் வைத்துவிட்டு ஓரமாகக் காய்ந்த பலகை மீது நடந்து வந்திருக்கிறான். வழக்கமாக இரண்டு மணிக்குத்தான் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்வான். அன்று சீக்கிரம் முடித்துவிட்டு மனைவியைச் சோளிங்கருக்குக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவளுக்கு நான்கு மாதம், நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டதாம். இதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சமீருல்லாவின் காரில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசி பின்சீட்டில் தூங்கிவிட்டான். சமீருல்லா தாழ்ந்த குரலில், “டிரம்மு எட்டடி அகலம். அந்தாண்ட மூலையில இருந்தான்னு எழுதினா பட்ட கதிரோட டோஸ் ரொம்ப கம்மிதானே? உங்க லைசென்சும் தப்பிக்கும்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிகொண்டா வரைக்கும் அந்த மூலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காசியின் மனைவி பூவம்மாள் சேதி கேட்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கோயிலுக்கு உடுத்திய மஞ்சள் புடவையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுத்தாயிற்று. டாக்டரம்மா, “வெள்ளணு எவ்வளவு இறங்குதுன்னு தினமும் பாக்கணும். எங்க உக்காந்திருந்தீங்க, எவ்ளோ நேரம், அது சரியா தெரிஞ்சாதான் நான் எதுக்குத் தயாரா இருக்கணும்னு தெரியும்” என்றார்.

காசி நிமிர்ந்து உட்கார்ந்தான். “நான் அந்தாண்ட மூலையிலதாங்க இருந்தேன். விசில் சத்தம் கேட்டுது, வெளிய வரணுமா இன்னான்னு தட்டிக் கேட்டேன். இந்த சார்தான் திருப்பித் தட்டி, அசையாம உக்காருன்னாரு. கூப்பிட்டா கேக்கணுமேன்னு அவரு குரல் வந்த பக்கமா வந்து சாஞ்சுக்கினேன். மூணு விசில் அடிச்சாங்க. அசையவே இல்லீங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “பலகைக்கும் உங்க சோர்சுக்கும் எவ்வளவு?”

“ஒரு சாண் இருக்கும். சாஞ்சதுக்கப்புறம் மூணு படம், பன்னெண்டு நிமிஷம்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி, போனை எடுத்து யாரையோ உடனே வரச் சொன்னார்.

காசிக்கு அந்த அவசரம் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக எழுந்தான். மனைவியின் வயிற்றைப் பார்த்தான். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரோரம் போட்டு உட்கார்ந்தான். அவள் எழுந்து அவனிடம் போகப் பார்த்தாள். கிட்ட வராதே என்று கையை நீட்டித் தடுத்தான்.

நான் பதறிப்போனேன். “காசி, அப்படி இல்லப்பா. அது டார்ச் வெளிச்சம் மாதிரி, பட்டதோட போச்சு, உடம்புல தங்காது. உங்கிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. அவங்க பக்கத்துல நீ தாராளமா உக்காரலாம், சத்தியமா சொல்றேன்.”

அது உண்மை. அன்றைக்கு நான் காசியிடம் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான்.

காசி என்னைக் கோபமில்லாமல் பார்த்தான்.

“அங்கயும் நீங்க சொன்னதத்தான் சார் கேட்டேன்” என்றான்.