கூரைக்கு ஒரு கடிதம்

1

அன்று அங்கே இருந்தவர்கள் நால்வர்: தில்லைநாதன் என்னும் நான், காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி சிவனேஸ்வரி, அவள் மகள் பிரஷாந்தினி, பிரதேச செயலகத்திலிருந்து வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் தயாபரன். இடம் துணுக்காய். இந்தக் கதை அவர் வந்து நின்ற கால்மணி நேரத்தில் பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அரசாங்கத்தின் விதிகள் ஏழைகளை…' அடித்துவிட்டேன். விதியில் பிழை இல்லை. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும். பயனாளி வீடு கட்டும் காணியிலேயே வசிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வந்து பார்த்து எழுதுவார். சிவனேஸ்வரியின் வீட்டுக்குச் சுவர் முடிந்திருந்தது, கூரைக்கான பணம் வரவேண்டியிருந்தது.

2

தயாபரன் சுவரை அளந்தார், படம் எடுத்தார். பிறகு பக்கத்தில் கிழிந்த தறப்பாள் விரிப்பு மூடிய கொட்டிலைக் காட்டி, இதிலா இருக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று வருடமாகத் தாயும் மகளும் அதில்தான் இருந்தார்கள்.

(அவர் என்னைக் கேட்கவில்லை, சிவனேஸ்வரியைக் கேட்டார். முதல் இரண்டு பிரதிகளில் இதை மறைத்திருந்தேன்.)

நான் முந்திக்கொண்டேன்.

“எங்கட குடும்பத்துப் பொம்பிளை கொட்டிலில கிடப்பாவோ, தம்பி? அவா என்ர வீட்டிலதான்.”

அவர் எழுதிக்கொண்டார். சிவனேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். பிறத்தியார் முன்னால் புருசனின் தமையனை மறுத்துப் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை…

(இந்த வசனத்தை முடிக்க வரவில்லை. அந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் அவர்களை என் வீட்டுக்கு அழைத்ததில்லை.)

3

காணியில் வசிக்கவில்லை என்று பணம் நின்றது. நான் சொன்னது பொய் என்று நானோ சிவனேஸ்வரியோ கைப்பட ஒரு கடிதம் தந்தால் மறுபடி வந்து பார்ப்பதாகத் தயாபரன் சொல்லியனுப்பினார். வருடம் முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடுமாம்.

பிரஷாந்தினி வந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“உங்கட மரியாதையைக் கூரையாப் போட ஏலுமோ, பெரியப்பா?”

கடிதத்தைத் தாயே எழுதலாமே என்றேன்.

“அம்மா மாட்டாவாம். உங்களைப் பொய்யரெண்டு தன்ர கையால எழுத மாட்டாவாம்.”

4

ஒரு முடிவு: கடிதம் போகிறது, ஓடு ஏறுகிறது. இன்னொன்று: மூடாத சுவர் மழையில் நனைந்து பாசி பிடிக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கடிதத்துக்கு ஒரு வரி போதும். அதை எழுத முடியாமல்தான் இவ்வளவும் எழுதினேன். எது நடக்கும் என்பதை வாசிக்கிற நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்று டிசம்பர் இருபத்தெட்டு.

நான் செயலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டதாகச் சந்தியில் ஒரு கதை உலாவுகிறது. கொடுக்கவில்லை.